கழன்று விழுந்த ஹீட் சிங்க்

செவ்வாய்க்கிழமை, பகல் 1.20.

சாப்பாட்டு மணி அடித்தும் பச்சையப்பனைக் காணோமே என்று தேடினார்கள். அணைத்திருந்த ஃபர்னஸுக்குள் விழுந்து கிடந்தார். தீக்காயம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. நெற்றியில் குங்குமம், விரல் நுனியிலும் கொஞ்சம். உயிர்தான் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பிச் சுருளைப் பதப்படுத்தும் கம்பெனி அது. ஃபர்னஸுக்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்புவார்கள். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தெரியாமல் நுழைந்தால் நாலு மூச்சு, அவ்வளவுதான். உள்ளே ஆக்ஸிஜன் எவ்வளவு என்று திரையில் காட்ட ஒரு கம்ப்யூட்டர் உண்டு, முப்பது வருஷத்துக் கிழம். வெளிக்காற்றில் இருப்பதுபோல் 20.9 சதவீதம் என்று காட்டினால் தைரியமாகப் போகலாம். உள்ளே இறங்கிச் சுத்தம் செய்வது பச்சையப்பன் வேலை. அவர் பார்த்தபோதும் 20.9தான்.

2.40.

இன்ஸ்பெக்டர் சுகிர்தா வந்து சேருவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தண்டனையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜோஷ்வா, திருநின்றவூர்க்காரன். பக்கத்துக் கம்பெனியில் வேலையாக இருந்தவனை இழுத்து வந்து, வலது கையை பூட்ஸ் காலால் மிதித்திருந்தார்கள். விரல்கள் வீங்கித் தொங்கின. பச்சையப்பனின் மனைவி குணசுந்தரி தன் பங்குக்கு ஓர் அறை விட்டிருந்தாள்.

சுகிர்தாவுக்கு எரிச்சலாக வந்தது. என்ன ஜனங்கள் இவர்கள்!

"இவன்தாம்மா சாவடிச்சான்," என்றார் ஷிப்ட் சூப்பர்வைசர் வீரராகவன். "ப்ராஸஸர் மேல ஹீட் சிங்க்னு ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். சூட்டை இழுக்குறதுக்கு. அது கழண்டுபோச்சுன்னு சனிக்கிழமை இவனை வரச் சொன்னோம். பசை போட்டு ஒட்டாம வெறும் கிரீஸைத் தடவிட்டுப் போயிட்டான். இன்னிக்கு விழுந்திருச்சு. சூட்டுல மெஷின் அப்படியே உறைஞ்சு நின்னுபோச்சு."

கேபினெட்டைத் திறந்தார்கள். தீப்பெட்டி அளவு ஹீட் சிங்க் அடியில் கிடந்தது. ப்ராஸஸர் மேல் வெள்ளைக் கிரீஸ். திரையின் மூலையில் மணி 9.40. காலை 9.40க்கு உறைந்த 20.9 அப்படியே நிற்க, பத்து மணிக்கு மேல் வழக்கம்போல் நைட்ரஜன் ஏற்றியிருக்கிறார்கள்.

"வால்வைத் திறந்தது யாரு?"

"நான்தான். அது என் டியூட்டி."

"இந்தக் கேபினெட்டை?"

"தொடவே இல்லம்மா. சனிக்கிழமை நான் லீவு. நேத்தும் இன்னிக்கும் இந்த ரூம் பக்கம்கூட வரல. எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகவே ஆகாது."

ஜோஷ்வாவிடம் போனாள். வலியில் அவனுக்கு வாய் குழறியது.

"நிக்க வெச்ச மெஷின்ல கிரீஸ் மட்டும் போட்டா வழுக்கிக்கினு வுழுந்துடும்னு எனக்குத் தெரியாதா மேடம்? பழைய ப்ராஸஸரு, க்ளிப்பு கெடையாது. ரெண்டு டியூப் பசையைக் கலந்து ஒட்னேன். பிளேடு வெச்சு நெம்புனாதான் வரும். கேபினெட்டத் தொடைச்சு, மூடி, போட்டோ புடிச்சு ஆபீஸுக்கு அனுப்பினேன். பாருங்க."

போனை வாங்கினாள். சனிக்கிழமை மாலை 5.12. பளபளவென்று துடைத்த கதவு. போட்டோவையும் எதிரே இருந்த கேபினெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சட்டென்று கை நின்றது. அட! வந்ததிலிருந்து கண்ணெதிரே இருக்கிறது, தோன்றவே இல்லையே.

வாசலில் நின்ற சடையப்பனைக் கூப்பிட்டாள். இருபது வருஷமாக அங்கே ஃபிட்டர்.

"இங்க மெஷினுக்கெல்லாம் எப்ப பூஜை?"

"வெள்ளிக்கெழமம்மா. அத்த வுட்டா, மெஷினத் தொறந்து வேல பாத்தா, மூட்னதும் ஒரு பொட்டு வெப்போம். வெக்காம ஸ்விச்சு போட மாட்டோம். பொட்டு புச்சா இருந்தா, சரி பண்ணியாச்சுன்னு அர்த்தம்."

"ஜோஷ்வா வெப்பாரா?"

"அவரு வேதக்காரரு. இன்னாத்துக்கு வெப்பாரு?"

குணசுந்தரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சுகிர்தா குனிந்து, "நாளைக்கு அவருக்கு ஏதாவது வேலை இருந்துச்சாம்மா?" என்றாள்.

"திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போவணும்னாரு. போன வருசம் ஒரு ஆளுக்குக் கை போச்சே, அந்தக் கேசு. மெஷின் மூடியக் கழட்டி வெக்கச் சொன்னது சூப்பர்வைசருதான்னு சாட்சி சொல்லப் போறேன்னாரு."

5.10.

கைரேகை நிபுணர் வேலையை முடித்துக்கொண்டு தலையசைத்தார். எல்லாரையும் அந்த அறையில் நிறுத்தினாள் சுகிர்தா.

"ஹீட் சிங்க் ஓரத்துல பழைய பசையும் பிளேடு கீறலும் இருக்கு. ஒட்டினதை யாரோ நெம்பி எடுத்து, சுரண்டிட்டு, கிரீஸ் தடவியிருக்காங்க. பழி ஜோஷ்வா மேல விழணும்னு. சனிக்கிழமை போட்டோவுல கதவு வெறுமையா இருக்கு. இன்னிக்குச் செவ்வாய். நடுவுல வெள்ளிக்கிழமையே வரல. அப்ப இந்தப் பொட்டு எப்படி வந்துச்சு?"

கதவின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். இங்கே எல்லா மெஷினிலும் பொட்டு இருப்பதால் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காஞ்ச சந்தனத்து ஓரத்துல ஒரு கட்டைவிரல் ரேகை பதிஞ்சிருக்கு. ரூம் பக்கமே வரலன்னு சொன்னவரோடது. அப்படித்தானே வீரராகவன்?"

வீரராகவன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். எத்தனையோ கணக்குப் போட்டவர், இதை மறந்துபோனார். கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டு சடையப்பனே காறித் துப்பினான்.

"கைப் பழக்கம்மா. திறந்த மெஷினுக்குப் பொட்டு வைக்காம ஸ்விட்ச் போட்டா தோஷம்."

"ஆளைக் கொல்றது தோஷம் இல்லையா?"

விலங்கு மாட்டினார்கள்.

ஜோஷ்வாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். மிதித்த ஆட்களில் ஒருவன்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குணசுந்தரி மட்டும் ஜீப்புக்கருகே வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். காத்தால ஊட்டாண்ட கெளம்பறப்ப அவரு நெத்தியில ஒண்ணுமே இல்ல. அந்தக் குங்குமம் யாரு வெச்சது?"

சுகிர்தாவுக்குத் தெரியும். உள்ளே போகுமுன் கதவைப் பார்த்திருக்கிறார். பொட்டு புதிது, யாரோ சரி பார்த்திருக்கிறார்கள் என்று நம்பி, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"அவரேதாம்மா வெச்சுக்கிட்டாரு. அந்த மெஷின்லேர்ந்து எடுத்து."