படம்: ரோஹிணி

ஜன்னலின் மூன்றாவது கம்பியில் பச்சை ஒயர் சுற்றியிருந்தது.

ரோஹிணி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப் திரையை நெருங்கிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். மூன்றாவது கம்பி. பச்சை ஒயர். போன மழையில் துருப்பிடித்துக் கழன்ற கம்பியைப் பழைய சார்ஜர் ஒயரால் அவளேதான் கட்டியிருந்தாள்.

சித்தூர் கட்டமஞ்சியில் அவள் தனியாக வாடகைக்கு இருந்த ஒற்றை அறை வீடு அது. அதற்குள் எடுத்த படம் யாரோ நடத்தும் வலைப்பூவில் கிடந்தது.

எட்டு மாதமாக அவள் புகைப்பட வலைப்பூக்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் ஓரத்தில் ‘எங்களுக்குப் பிடித்தவை’ என்று வேறு சிலவற்றின் பெயர்கள் இருக்கும். ஒன்றைப் பிடித்துப் போனால் அங்கே இன்னும் பத்து. அப்படி உள்ளே உள்ளே இறங்கித்தான் இதைக் கண்டுபிடித்தாள். இதற்குத் தலைப்பே இல்லை. ஒவ்வொரு பதிவிலும் ஒரு வீடு, ஒரு ஜன்னல், அதன் வழியே விழும் வெளிச்சம். ஆளை ஜன்னலுக்கு நேராக நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்தினால் முகத்தின் பாதி வெளிச்சத்தில் இருக்கும், மறுபாதி நிழலில் போகும். அந்த நிழல்தான் முகத்துக்கு ஆழம் தருகிறது. யாரும் வாய் திறந்து சொல்லித் தராத இதை அந்தப் படங்கள் சொல்லித் தந்தன. ஒவ்வொரு பதிவின் கடைசிப் படத்திலும் யாராவது ஒருவர் கண்மூடிப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். அடியில் எடுத்தவர் பெயர் இருக்கும். படம்: செல்லியம்மா. படம்: சலீம்.

பெயர் போடுகிறார்களே என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

ஆறு வருடமாக அவள் எடுத்த எல்லாப் படத்திலும் ஸ்டூடியோ முதலாளி சுரேஷ்பாபுவின் பெயர்தான். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் விடியற்காலை நாலு மணி நேரம் நின்று எடுத்த படத்துக்கு, நேற்று திருப்பதியில் நடந்த கண்காட்சியில் அவன்தான் மேடையேறிக் கேடயம் வாங்கினான். அவள் கீழே நின்று அதையும் படம் எடுத்தாள். அதை நினைத்தால் இன்னும் பல் நறநறவென்றது.

இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டானா?

அந்தப் பதிவில் இருபது கட்டங்கள். நெட் மந்தமாக இருந்ததால் பெரும்பாலானவை வெறும் சாம்பல் நிறமாகவே நின்றன. ஜன்னல் படம் மட்டும் வந்திருந்தது. பிறகு ஓசையில்லாமல் பதினைந்தாவது கட்டமும் வந்தது: அவள் பீரோ. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு உட்பட.

ரோஹிணி அந்தப் படத்தை இறக்கி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். கேமரா ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு வைத்து அனுப்பும். எந்த லென்ஸ், எந்த நேரம், கேமராவின் உடம்பில் பொறித்த எண் என்ன, அதன் ஷட்டர் பிறந்ததிலிருந்து எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். ஷட்டர் கணக்கு அப்படியில்லை. அது கூடும், குறையாது.

கேமரா எண் அவளுடையது. ஸ்டூடியோ கேமரா இல்லை, அவள் சொந்தமாக வாங்கியது.

ஷட்டர் கணக்கு 61,535.

அவள் பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். லென்ஸ் மூடியிலிருந்து மஞ்சள் அரிசி நாலைந்து உதிர்ந்தது. காலையில் காணிப்பாக்கத்தில் ஒரு கல்யாணம்; மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டி போட்டுக்கொண்டு ஒருவர் தலையில் ஒருவர் அரிசி கொட்டும் தலம்ப்ராலு. அவள் தலையில் இன்னும் அரிசி இருந்தது. மஞ்சள் பூசினால் கல்யாணத்துக்கு. பூசாத அரிசி வேறொன்றுக்கு. அப்பா செத்துக் கிடந்தபோது, நைனாவின் வாயில் போட்டதைப் பார்த்திருக்கிறாள்.

கேமராவில் எடுத்த கடைசிப் படத்தைத் திறந்து பார்த்தாள். 61,520.

மறுபடி பார்த்தாள்.

பீரோ படம் எடுக்க இன்னும் பதினைந்து கிளிக் பாக்கி இருந்தது.

விசிறி மேலே கரகரவென்று சுற்றியது. பக்கத்து வீட்டில் தாளிக்கும் கடுகு வாசனை வந்தது, பிறகு அதற்கு அடியில் வேறொரு வாசனை, ஊதுபத்தியும் வாடிய சாமந்தியும் கலந்தது. இந்த வீட்டில் அவள் ஊதுபத்தி ஏற்றியதே இல்லை.

சுரேஷ்பாபுதான் அந்த எண்ணை மாற்றியிருக்கிறான். அதற்கும் வழி இருக்கும். இப்படித்தான் அவள் பயத்தைக் கோபத்தால் மூடினாள். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, என் கேமரா கார்டை எவனாவது எடுத்தானா? என் வீட்டு போட்டோ ஏதோ பிளாக்ல வந்துகீது.”

“இன்னா ஒளர்ற? கல்யாண போட்டோ இருக்கற கார்டை வாங்க நானே வரேன், இரு. ஆறு மணிக்கு.” அவன் சிரித்தான். “உன் வீட்டை எவன்மா போட்டோ புடிக்கப் போறான்? அது என்ன தாஜ்மகாலா?”

போனை வைத்தபோது கடைசிக் கட்டம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. வகிடு. வகிட்டின் ஓரம் வாடிய மல்லிகை. ஒரு நெற்றி. அத்தோடு நின்றுவிட்டது. கீழே சாம்பல் நிறம். அதற்கும் கீழே, படம் வருவதற்கு முன்பே வந்து நின்றன எழுத்துகள்.

படம்: ரோஹிணி.

அவள் கை தன் தலையிலிருந்த மல்லிகையைத் தொட்டது. வாடியிருந்தது.

செல்லியம்மா. சலீம். கண்மூடிப் படுத்திருந்த முகங்கள். எடுத்தவர்களேதான் படுத்திருந்தார்கள்; தூங்கவில்லை.

சரி. யோசி. எந்த யந்திரத்துக்கும் ஒரு விதி உண்டு. பதினைந்தாவது கட்டம் 61,535 என்றால் இருபதாவது 61,540. இப்போது 61,520. இடையில் இருபது. அவள் விரல் அழுத்தாமல் ஷட்டர் திறக்காது. அழுத்தாவிட்டால் அந்தக் கடைசிப் படம் எந்நாளும் வராது. அவ்வளவுதான். நாளைக்கே கேமராவை உடைத்துப் போடலாம்.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் தரையில் நீண்டு, சிவந்து, சுவரில் ஏறியது.

ஆறு மணிக்குக் கதவு இடிபட்டது.

சுரேஷ்பாபு செருப்போடு வாசற்படியில் நின்றான். “கார்டை எடு. சீக்கிரம்.”

“மொதல்ல இதப் பாரு. இது யாரு வேலை?”

லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். “நல்லாத்தானே கீது! உன் பேரு வேற போட்டுகீறாங்க. இதுக்குத்தானே அலைஞ்ச?”

“மாங்கா மண்டி போட்டோ என்னுது.”

“கேமரா தூக்கறவ எல்லாம் போட்டோகிராபர் ஆயிட முடியாது அம்மா தல்லி. ஸ்டூடியோ பேரு இல்லன்னா உன்னை எவன் மண்டபத்துல வுடுவான்? உன் ஊரு நகரிக்கே போய்த் தறி ஓட்டு போ. அங்க உங்க ஜனம் அதானே பண்ணுது?”

ஆறு வருடம்.

“யோவ், இன்னொரு தபா சொல்லு. அப்படியே புடிக்கறேன். ஊரே பாக்கட்டும் உன் மூஞ்சிய!”

கேமரா கண்ணுக்கு ஏறியது. ஒன்று. ஒன்றே ஒன்று. 61,521. இன்னும் பத்தொன்பது பாக்கி இருக்கும். ஒன்றால் ஒன்றும் ஆகாது.

அவன் விரலை நீட்டி வாயைத் திறந்தான்.

அழுத்தினாள்.

கிளக்கிளக்கிளக்கிளக்—

தலம்ப்ராலு. விழும் அரிசி காற்றிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும்படி காலையில் மாற்றி வைத்திருந்தாள். திருப்பி வைக்க மறந்துவிட்டாள்.

விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. வேறொரு விரல் அதன்மேல் அழுத்திக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. குளிர்ந்த விரல்.

இரண்டு நொடி.

நின்றது.

சுரேஷ்பாபுவின் நீட்டிய கை கீழே இறங்கியது. அவன் பின்னால் ஓரடி வைத்தான்.

“ஏ ரோஹிணி,” என்றான் மெல்ல. “இன்னா துன்னுகினு கீற?”

எதுவும் இல்லையே.

கேமராவின் சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வாய் திறந்த சுரேஷ்பாபு. கதவு நிலை. வெறும் சுவர். அவள் கேமராவை வாசலை விட்டு அசைக்கவே இல்லை. ஜன்னல். பச்சை ஒயர். பீரோ. படங்கள் அறையைச் சுற்றிக்கொண்டு அவளை நோக்கித் திரும்பின.

கடைசி.

வகிடு. மல்லிகை. மூடிய கண்கள். தாடையைச் சுற்றித் தலையுச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. பக்கவாட்டில் விழும் சிவந்த ஜன்னல் வெளிச்சத்தில் பாதி முகம், பாதியில் நிழல். எவ்வளவு அழகாக எடுத்திருந்தது. உதடுகளுக்கிடையே குவிந்து—

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

பொலபொலவென்று திரையின்மேல் அரிசி கொட்டியது.

ஒன்றில்கூட மஞ்சள் இல்லை.