உவர்த்தும்பியின் சட்டை

2021 பிப்ரவரி 13, சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளோடைச் சதுப்பின் தென்கரையிலிருந்து மூன்று பேருடன் ஒரு தோணி கிளம்பியது.

தோணி இசக்கியம்மாளுடையது. அங்கே கோரை அறுப்பவள் அவள். மற்ற இருவர் கல்லூரி ஆய்வு மாணவர்கள், ஜெசிந்தாவும் சுடலைமணியும். அவர்கள் தேடியது உவர்த்தும்பியின் சட்டையை. உப்பு கலந்த நீரில் மாதக்கணக்கில் வளரும் அதன் குஞ்சு, விடியும் முன் கோரைத் தண்டில் ஏறி, முதுகு பிளந்து, தும்பியாகப் பறந்துவிடும். கழற்றிய தோல் தண்டிலேயே ஒட்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை சதுப்பைத் தூர்வார இயந்திரம் வருகிறது. தும்பிகள் மிகுந்த வடக்கு மூலையை விட்டுவிடும்படி இவர்கள் படங்களோடு மனு கொடுத்தார்கள். தும்பி எங்கிருந்தும் பறந்து வந்திருக்கலாமே என்றார் அதிகாரி. இங்கேதான் பிறக்கிறது என்பதற்குச் சட்டைதான் சாட்சி. திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும். மூன்று நாள் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

தோணி முனையில் நின்ற சுடலைமணி மூங்கில் கழியால் கோரையை அடித்தபடி வந்தான். விரியன் விலகுவதற்காகக் கோரை அறுப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். முதல் நாளே அவனும் பழகிக்கொண்டான்.

வெளிச்சம் பரவியதும், தோணியின் பின்னே உமிபோல் ஏதோ மிதப்பதை ஜெசிந்தா பார்த்தாள். அள்ளினாள். ஆறு கால், பிளந்த முதுகு. வால் பகுதி ஒடிந்திருந்தது. இனத்தைச் சொல்லும் முள் அந்த வாலில்தான் இருக்கும்.

"அடிக்காத மணி. மூணு நாளா நாமதாம்ல தட்டி விட்டுருக்கோம்."

"அடிக்காமப் போனா விரியன் வந்து கை குடுக்கும், சரியா?"

"கம்ப கீழ வைங்க தம்பி," என்றாள் இசக்கியம்மாள். "வத்தலா இருக்கிய, ஒங்களக் கடிச்சு அதுக்கு என்ன கெடைக்கப் போவுது."

வடக்கு மூலையில் தோணி தரைதட்டியது. வெயில் ஏறினால் காற்று கிளம்பும், ஒட்டியிருப்பதெல்லாம் உதிர்ந்துவிடும். ஆள் புதையாமலிருக்க இசக்கியம்மாள் தோணியில் கிடந்த கோரைக் கட்டுகளைச் சேற்றின்மேல் பரப்பினாள். மூவரும் குப்புறப் படுத்து ஊர்ந்தார்கள். பாதி வழியில் சுடலைமணியின் கால் நழுவித் தொடைவரை சேற்றில் இறங்கியது. ஒரு முழம் தள்ளிக் கோரைத் தூரில் விரியன் சுருண்டு கிடந்தது.

இசக்கியம்மாள் குரலை உயர்த்தவில்லை. அசையக் கூடாது, மூச்சை மெல்ல விட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் கன்னத்தைக் கோரைக் கட்டின்மேல் வைத்துக் கிடந்தான். வெகு நேரம் கழித்துப் பாம்பு அவிழ்ந்து, அவசரமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. பெண்கள் இருவரும் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"இழுக்காதீங்க," என்றான் அவன். "டப்பாவ எடு ஜெசி. என் மூக்குக்கு நேரா இருக்கு."

நீருக்கு ஒரு சாண் மேலே, வாலும் முள்ளும் முழுசாக ஒரு சட்டை. அதே உயரத்தில் அடுத்தடுத்த தண்டுகளிலும் இருந்தன. இசக்கியம்மாள் அரிவாளால் தண்டோடு அறுத்துக் கொடுத்தாள். எட்டு மணிக்குக் காற்று வந்தபோது முப்பத்தொன்று சேர்ந்திருந்தன. திரும்பும் வழியெல்லாம் சுடலைமணி விரியனின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தான்; கரை சேர்வதற்குள் அது ஆறடியானது.

திங்கட்கிழமை அதிகாரி சட்டைகளை உருப்பெருக்கியில் பார்த்தார். தூர்வாரும் வரைபடத்திலிருந்து வடக்கு மூலை நீக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை இயந்திரம் தெற்கில் வேலையைத் தொடங்கியது.