சூளை அறை கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கடையில் போன் அலறியது!

துர்கா எடுப்பதற்குள் தம்பி இனியவன் எடுத்துவிட்டான். கேட்டான். முகம் வெளுத்தது.

"அக்கா... போலீஸ் ஸ்டேஷன்லேருந்து."

"மாமாவுக்கு எதனா...?"

"இல்ல. சூளை கம்ப்யூட்டரப் பார்க்க உன்னக் கூப்புடறாங்க."

துர்கா போனைப் பிடுங்கினாள். மறுமுனையில் இன்ஸ்பெக்டர் பூங்கோதை.

"விருத்தாசலத்துல விண்டோஸ் 98 போடத் தெரிஞ்ச கடை உங்களோடது ஒண்ணுதானாமே! செராமிக் எஸ்டேட்டுக்கு உடனே வாம்மா."

வைத்துவிட்டாள்.

"போவாதக்கா," என்றான் இனியவன். "அது செத்த டப்பா. ஒண்ணும் மீளாது."

"உங்க மாமா உயிரு அதுக்குள்ளதான்டா இருக்குது."

ஃபிளாப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நடந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் சூளைக்குள் செங்கல் விரிசல் பார்க்க நுழைந்தார் சூப்பர்வைசர் ராஜாங்கம். வெளியே யாரோ கதவைச் சாத்தினார்கள். பர்னர் பற்றிக்கொண்டது!

திங்கட்கிழமை கதவைத் திறந்த பெண் கூலியாள் போட்ட அலறல், ரயில்வே கேட் வரை கேட்டதாம்.

சூளையைப் பற்றவைக்க இரண்டே வழி. ஒன்று, கம்ப்யூட்டர். மற்றது, கை.

கம்ப்யூட்டரில் சூளை புரோகிராமே இல்லை. துடைத்துவைத்தது போல் காலி.

அப்படியானால் கை. கையால் பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஆள் ஆபரேட்டர் அறிவழகன். துர்காவின் கணவன். அன்று முழுக்க அவன் வீட்டில் தூங்கினான் என்பதற்கு ஒரே சாட்சி துர்கா.

பெண்டாட்டி சாட்சியை யார் மதிப்பார்கள்? அறிவழகனை லாக்கப்பில் போட்டார்கள்.

சூளை அறை. மஞ்சள் பூத்த மானிட்டர். அதைச் சந்தேகமாகப் பார்த்தபடி ஏட்டு பழமலைநாதன்.

"ஏம்மா, இது கம்ப்யூட்டரா? கண்ணாடி வச்ச அரிசி டின்னு மாதிரி இருக்குது!"

"சும்மா இருங்க ஏட்டு," என்றாள் பூங்கோதை. "துர்கா, நீ பாரு. மறுபடி விண்டோஸ் போட்டு, சூளை புரோகிராம வரவைக்க முடியுமா?"

துர்கா ஸ்விட்சைப் போட்டாள். உறுமியது. நீலத்திரையில் ஐகான்கள் வரிசையாக வந்தன. மிக ஒழுங்காக...

அவள் கண்கள் இடுங்கின. உள்ளே புகுந்து கோப்புகளின் தேதியைப் பார்த்தாள்.

ஞாயிறு! எல்லாமே ஞாயிறு!

"மேடம்!" துர்கா திரும்பினாள். "இது பழைய விண்டோஸ் இல்ல. புதுசு! யாரோ ஞாயித்துக்கெழம ஃபார்மட் அடிச்சுப் போட்டிருக்காங்க!"

"அதனால?"

"என் வூட்டுக்காரருக்கு சூளை புரோகிராம ஓட்டத்தான் தெரியும் மேடம், ஃபார்மட் அடிக்கத் தெரியாது. எவனோ கம்ப்யூட்டர்ல சூளையக் கொளுத்திட்டு, அது தெரியக்கூடாதுன்னு எல்லாத்தையும் அழிச்சிருக்கான். கொலகாரன் வேற ஆளு!"

"சபாஷ்! அதை எனக்குக் காட்டிக் குடு. சாயந்திரமே அறிவழகன் வூட்டுல இருப்பாரு."

நான்கு நாட்களில் முதன்முறையாகத் துர்கா மூச்சை இழுத்துவிட்டாள்.

திரையின் ஓரத்தில் ஒரே ஒரு நோட்பேட் கோப்பு. பெயரில்லாதது.

திறந்தாள்.

2_

அவ்வளவுதான். வேறு ஓர் எழுத்து இல்லை.

துர்கா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்!

இரண்டு என்ற எண். பக்கத்தில் ஒரு கோடு. தமிழ் எழுத்து இல்லாத கம்ப்யூட்டரில் அதுதான் பிள்ளையார் சுழி. விண்டோஸ் போட்டு முடித்ததும் முதல் வேலையாக அதை அடிக்கவேண்டும். அவள் கடை வழக்கம்.

அவள் அடிப்பாள். சேமிக்காமல் மூடிவிடுவாள்.

சேமிக்கிறவன் ஒருவன்தான். எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

"சாமிய அழிக்கக் கூடாதுக்கா..."

இனியவன்!

ராஜாங்கத்தின் மகள் ஜெயஸ்ரீயைப் பெண் கேட்டுப் போனவன். பஸ் ஸ்டாண்டில் ஊர் பார்க்க ராஜாங்கத்திடம் செருப்படி வாங்கியவன். மாமாவுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில் இந்த அறையில் உட்கார்ந்து, சூளையை ஓட்டப் பழகியவன். அம்மா செத்தபின் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

பழி மாமாமேல் விழும் என்று தெரியாமல் செய்தானா? தெரிந்தேவா?

"அது என்ன?" பூங்கோதை குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல மேடம்... கை தவறி அடிச்சது."

மூடினாள்.

"மேடம்... நான் சொன்னது தப்பு."

"எது?"

"தேதி. உள்ள பேட்டரி வீக்கா இருந்தா கன்னாபின்னான்னு காட்டும். இது பழைய விண்டோஸ்தான். வைரஸு. ஃபார்மட் பண்ணிட்டு மொதல்லேருந்து போடணும்."

"எல்லாம் அழிஞ்சிடாதா?"

"அழியும்."

"அப்ப உன் வூட்டுக்காரரு?"

துர்கா திரையையே பார்த்தாள்.

"அவரு... தாங்குவாரு மேடம்."

"உன் இஷ்டம்."

ஃபிளாப்பியைச் செருகினாள். கர்ர்ர்... திரை கறுத்தது. எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது கம்ப்யூட்டர்.

அறிவழகனின் முகம் வந்தது. லாக்கப் கம்பிக்குப் பின்னால், சட்டையில்லாமல், "நீ இருக்க, பயமில்ல" என்று சொன்ன முகம்.

ஒய் பட்டனைத் தட்டினாள்.

சதவீதம் மெல்ல ஏறியது. பூங்கோதை வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குத் தலையசைத்தாள்.

முடிந்தது.

"ஏட்டு, அந்தப் பைய எடுங்க," என்றாள் பூங்கோதை.

சீல் வைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க்!

"ஒரிஜினல் இதுதாம்மா. நீ அழிச்சது நகலு. கடலூர்லேருந்து ஆளு வந்து எடுத்துக் குடுத்தாரு."

துர்கா ஃபிளாப்பியை வெளியே இழுத்தாள்.

"அந்த ரெண்டும் கோடும் பிள்ளையார் சுழின்னு எனக்கும் தெரியும். எங்க ஏட்டு டீ கணக்குக்கே போடுவாரு. யாரு போட்டதுன்னுதான் தெரியல. அதான் உன்னக் கூப்புட்டேன்."

"நான் யாரையும் சொல்லலியே மேடம்!"

"புருஷனை மீட்க வந்தவ, புருஷனை மீட்கற சாட்சியத்தையே அழிக்கிற. புருஷனைவிட ஒசந்த ஆளு உனக்கு யாரு? நீ தூக்கி வளர்த்த தம்பிதானே?"

"சின்னப் பையன் மேடம் அவன்..."

"நீ அந்தப் பட்டனத் தட்டறப்பவே கடைக்கு ஜீப்பு போயிடுச்சு. வெளிய நிக்கற இன்னொரு ஜீப்புல நீயும் ஏறு, சாட்சியத்த அழிச்ச கேஸு. நகலுன்னு தெரிஞ்சா அழிச்ச?"

துர்கா எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வூட்டுக்காரரு...?"

"இப்பவே வுட்டுடறோம்."

பூங்கோதை தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஏட்டு! அறிவழகனுக்குச் சோறாக்கத் தெரியுமான்னு கேட்டுட்டு அனுப்புங்க... வூட்டுல இனிமே அவரு ஒருத்தருதான்!"