போயிட்டு வாங்கோ

மாட்டுங்காவில் அந்தக் கட்டிடத்து லிஃப்டைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆறடி மீன்தொட்டி எங்கே போகும்? கண்ணாடிப் பலகைகளைத் தனித்தனியாகப் படியேற்றி, தொட்டி கேட்ட சுந்தரராமன் சாரின் ஹாலிலேயே ஒட்ட வேண்டியதாயிற்று.

"சார், இங்கன வச்சு ஒட்டிட்டா அப்புறம் வாசல் வழியா வெளிய போவாது. உடைச்சாத்தான் உண்டு," என்றேன்.

"அதான் வேணும் சுரேந்திரா. பொண்ணு சாதனா, இந்த ஃபிளாட்டை வித்துட்டுத் தன்னோட டோம்பிவிலிக்கு வந்துடுங்கறா. இத்தனை பெரிசை விட்டுட்டு எப்படி வரதுன்னு கேட்பேன்."

நல்ல ஆள்தான் போங்கள்! தான் நகராமல் இருக்க மீன் வளர்க்கிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிலிக்கான் பசை காயக் காய, வினிகர் நாற்றம் வீட்டை அடைத்தது. ஜன்னலைத் திறக்க அவர் விடவில்லை. பட்டப்பகலிலும் ஹால் மங்கிக் கிடக்கும். சமையலறையில் மட்டும் யாரோ பாத்திரத்தை மெதுவாக நகர்த்துவது கேட்கும். மாமியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாராவியில் என் அறையில் நான் ஒற்றை ஆள். சொல்லிவிட்டுக் கிளம்ப அங்கே யாருமில்லை. அதனாலோ என்னவோ, வேலை செய்யும் வீடுகளில் சொல்லாமல் படியிறங்க மாட்டேன். இங்கேயும் சமையலறைப் பக்கம் பார்த்து, "போய்ட்டு வாரேன் மாமி" என்று குரல் கொடுத்தேன்.

"போயிட்டு வாங்கோ."

மெல்லிய குரல். கண்ணாடி ஒட்ட வந்தவனுக்கு 'வாங்கோ'வா! அன்று தாராவி வரை சந்தோஷமாக நடந்தேன். அடுத்தடுத்த நாட்களும் அதே பதில் வந்தது.

தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்த அன்று சாரிடம் சொன்னேன். "மாமிக்கு எம்மேல பிரியம் சார். தெனமும் போயிட்டு வாங்கோன்னு சொல்லுதாவ."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ போய்ச் சேந்து வருஷாப்திகமே ஆயாச்சே."

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். நானோ செத்தவளிடமே தினமும் 'வாரேன்' என்று சொல்லியிருக்கிறேன்!

அவர் பயப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ இங்கதான் இருக்கான்னு தெரியும்ப்பா. அதான் நான் வாசல் தாண்டறதில்லை. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே!"

"நீங்க அவங்ககிட்ட சொல்லிட்டுப் போனதுண்டா சார்?"

அவர் தலை கவிழ்ந்தது. "எப்பவும் ட்ரெய்னைப் பிடிக்கற அவசரம். ஒரு நாளும் சொல்லிண்டதில்லை."

"இப்பச் சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாலாம்பா, போயிட்டு வரேன்."

பதில் இல்லை.

"வாலாம்பா..."

தொட்டிக் கண்ணாடியில் சமையலறை வாசல் தெரிந்தது. அங்கே ஒரு புடவைத் தலைப்பு அசையாமல் நின்றது.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பாழும் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாரேன் மாமி."

"இருங்கோ. நானும் வரேன்."

என் காதருகே.

கண்ணாடியில் தலைப்பைக் காணவில்லை.

"பேசினாளா? என்ன சொன்னா?" அவருக்குக் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

"வீட்டைப் பார்த்துக்கிடச் சொன்னாவ சார். எங்கயும் போவ வேண்டாம்னாவ."

அழுதுகொண்டே சிரித்தார். அங்கேயே சாதனாவுக்குப் போன் போட்டு, "நான் வரலைம்மா, அம்மா இங்க இருக்கா," என்றார்.

அந்தக் காலி வீட்டில், வெளியே எடுக்க முடியாத தொட்டியோடு இன்னமும் உட்கார்ந்திருக்கிறார். போய் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, பாவி.

இன்று காலை என் அறையை விட்டுக் கிளம்பும்போது வாயை இறுக மூடிக்கொண்டேன். சத்தமில்லாமல் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

உள்ளே ஒரு பாத்திரம் மெதுவாக நகர்ந்தது.

"என்ன, சொல்லிக்காமப் போறேளே?"