இடது பக்கத் தேய்மானம்

அண்ணியின் ஜீப்புக்குப் புது டயர் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இடது முன்சக்கரத்தின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று வழுக்கையாகியிருந்தது. வெளிவிளிம்பில் வரிப்பள்ளம் அப்படியே புதுசாக இருந்தது. மெக்கானிக்கான அவள் கொழுந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தான்.

"இடது பக்கமா எப்பவும் பாரம் ஏத்துறீங்களா அண்ணி?"

"நான் மட்டும்தான் போறேன் தம்பி. வேற யாரு இருக்கா எனக்கு?"

அவன் பார்வை இடது முன்சீட்டுக்குப் போனது. அந்த இடது சீட்டில்தான் அவன் அண்ணனின் உயிர் போனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவனை அதில் சாய்த்து, அண்ணியே ஆஸ்பத்திரிக்கு விரட்டி ஓட்டிப் போனாள். ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக நடக்க ஆரம்பித்தார்களாம். அன்றிலிருந்து ஸ்டீயரிங் ஆடுகிறது என்கிறாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினான். பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் கம்பி எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. பேலன்சிங், அலைன்மென்ட் இம்மி பிசகவில்லை. ஜாக்கியை இறக்கியதும் வண்டி நான்கு காலிலும் சமமாக நின்றது. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்பிய நேரத்தில், பட்டறையின் எண்ணெய் வாடைக்கு நடுவே நெஞ்சில் தேய்க்கிற தைலத்தின் நெடி எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏற, ஸ்பிரிங் நீளமாக முனகி, ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு தணியுமோ அவ்வளவு, இடது பக்கம் மட்டும் தணிந்தது.

கதவு சாத்தியபடியே இருந்தது.

"ஓட்டிப் பாத்துடலாம்," என்றான். அவன் குரலே அவனுக்கு வேற்றாள் குரலாகக் கேட்டது. முன்னால் உட்காரச் சொன்னதற்கு அண்ணி தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சாலைக்கு வந்து வேகம் கூடியதும் நடுக்கம் தொடங்கியது. முதலில் விரல் நுனியில், பிறகு மணிக்கட்டில், பிறகு பல் தந்தியடிக்கிற அளவுக்கு. சக்கரத்தில் கோளாறு என்றால் வேகம் குறைந்ததும் அடங்க வேண்டும். குறைத்தான். அடங்கவில்லை. ஓரம் கட்டினான். நிறுத்தினான். என்ஜினை அணைத்தான்.

ஸ்டீயரிங் ஆடிக்கொண்டே இருந்தது.

கையை எடுத்தான். ஆடியது. சற்று நின்றது, மூச்சு வாங்குவதுபோல. மறுபடி ஆடியது.

"உங்க அண்ணன் அழுதா சத்தமே வராது தம்பி," என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "உடம்பு மட்டும் குலுங்கும்."

அவன் திரும்பவில்லை. கடைக்கண்ணிலேயே தெரிந்தது. இடது சீட்டின் மெத்தை அமுங்கிக் கிடந்தது. அண்ணா என்று கூப்பிடப் பார்த்தான்.

ஆட்டம் நின்றது.

மெத்தை மெல்ல மேலெழும்பியது.

பின்பக்க ஸ்பிரிங் முனகியது.

கண்ணாடியில் பார்த்தான். அண்ணி ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். கண்ணை மூடினாள். பக்கவாட்டில் சாய்ந்தாள். ஒரு தோள் இருக்க வேண்டிய உயரத்தில், வெறும் காற்றின் மேல், அவள் தலை படிந்து நின்றது. விழவில்லை. நெற்றியில் கலைந்து கிடந்த முடி, ஒவ்வோர் இழையாக, தானே அவள் காதுக்குப் பின்னால் ஒதுங்கியது.