விளிம்பில் ஒரு கோடு

திரும்பி வந்த காசின் விளிம்பில் ஒரு கோடு இருந்தது. வயலில் அவள் தோண்டி எடுத்தபோது இல்லை. அச்சில் வார்த்த போலிக் காசில்தான் அப்படிக் கோடு விழும். எழுநூறு வருஷத்துக்கு முன் சுத்தியலால் அடித்த தங்கத்தில் விழாது. மேவிஸுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே டெரிக்தான்.

உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் அவளோடு வருஷக்கணக்காக அலைந்தவன். மதிப்புக் கேட்டு வருகிறேன் என்று காசை வாங்கிப்போய், "கடையில விக்கிற பொம்மைக் காசு, கண்ணு" என்று சிரித்தபடி திருப்பித் தந்தான். இன்றைய பேப்பரில் அவன் படம், கையில் அவள் காசு. காசிலிருந்த ராஜாவின் தாடையில் அவள் மண்கரண்டி கீறிய தடம்கூடத் தெரிந்தது. ஏலத்தில் ஒரு வீட்டு விலை போகுமாம். கண்டெடுத்தவர், டெரிக்.

காசு கிடைத்த குழியில் எலும்பும் தெரிந்தது. எலும்பைக் கண்டால் தோண்டுவதை நிறுத்திப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். "மாட்டெலும்புதான், மூடு" என்றான். நம்பி மூடினாள்.

சாயங்காலம் அவள் போனபோது அவன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வெளியிலிருந்த மூடுபனி கூடம்வரை வந்து விளக்கை மங்கச் செய்திருக்க, ஆழத்திலிருந்து புரட்டிய ஈரமண் வாடை மூக்கில் ஏற, எங்கோ களிமண்ணிலிருந்து காலைப் பிடுங்குவது போன்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. தரையில் சேற்றுக் காலடிகள். வெறுங்கால். உள்ளே போயிருந்தன. வெளியே வரவில்லை.

டெரிக் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அவள் காசு.

"பச்சைத் துரோகி! உன் பேரையா போட்டுக்கிட்டே?"

அவன் நிமிரவில்லை. "அவருக்குக் காசு வேணாமாம், மேவிஸ். தோண்டின ஆள்தான் வேணுமாம்."

"எவருக்கு?"

"மாட்டெலும்பு இல்ல அது. யார் எடுத்ததுன்னு கேட்டாரு. நான் இல்லன்னுட்டேன். உன் பேரைச் சொல்லிட்டேன், கண்ணு."

ஊரறிய அவளிடமிருந்து பறித்த பேரை இங்கே மட்டும் அவளுக்கே கொடுத்துவிட்டான். பயத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. திரும்பினாள்.

கதவு சாத்தியிருந்தது.

சளக்.

வெறும் தரையில் ஓர் ஈரக் காலடி பதிந்தது. விரல்கள் அவள் பக்கம்.

சளக். இன்னும் கிட்டத்தில்.

"டெரிக்!"

அவன் காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்த காலடி அவள் பாதத்தின் மேலேயே பதிந்தது.