கண்ணீர் இல்லாத அழுகை

ஈரேழு பதினான்கு உலகங்களிலும் பரசுராமனைக் கண்டு நடுங்காத பேய் ஒன்றுகூடக் கிடையாது. இதைச் சொன்னவர் பரசுராமன். பேய்களை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் எந்த வீட்டில் குழந்தை சிணுங்கினாலும் அவர் வந்துவிடுவார். நெற்றி நிறைய விபூதி, கையில் வேப்பங்கொத்து, இடுப்பில் கையகலத்துக்கு ஒரு தோல் பெல்ட்டு. பெல்ட்டு எதற்கென்று பேய்களுக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் அவர் அம்சவல்லியின் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அம்சவல்லிக்கு அவர் பெரியப்பா. அவளுடைய தம்பி பலராமன் இன்னும் நடக்கக்கூடத் தொடங்கவில்லை. அவனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. குடித்த பாலையும் கக்கிவிட்டான். அப்பா கிண்டியில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். கடைசி பஸ்ஸில்தான் வருவார்.

பெரியப்பா குழந்தையைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

"நேத்து பொழுது போனப்புறம் இந்த வூட்டு மேல கோட்டான் பறந்துதா?"

"பறந்துது மாமா," என்றாள் அம்மா.

கோட்டான் தினமும்தான் பறக்கும். எலி பிடிக்க வேண்டாமா?

"அதோட நெழல் புள்ள மேல வுழுந்துட்டுது. பட்சி தோஷம்! நான் கட்டை அவுக்கற வரைக்கும் தண்ணி, பால், ஒண்ணும் குடுக்காதே. தாய்ப்பாலும் ஆகாது. உள்ள இருந்து குடிக்கறது புள்ள இல்ல... அது!"

'அது' என்று அவர் சொன்னபோது சிமினி விளக்கு படபடத்தது. வெளியே குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

சுற்றிப் போட உப்பும் மிளகாயும் கேட்டார். அம்சவல்லி உப்பு ஜாடியைக் கொண்டுவந்தாள்.

"ஒரு கைப்பிடி போதும்ல பெரிப்பா?"

"இன்னா, சின்னப் பேய்னு நெனச்சுக்கினியா?" என்று ஜாடியையே அடுப்பில் கவிழ்த்தார். உப்பு பட்பட்டென்று வெடித்தது. வீட்டில் இருந்த உப்பெல்லாம் பேய்க்கே போய்விட்டது.

பிறகு அம்மாவையும் தம்பியையும் உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். சாத்துவதற்குள் அம்சவல்லி எட்டிப் பார்த்துவிட்டாள்.

தம்பி அழுதுகொண்டிருந்தான். துருப்பிடித்த கீல்போல ஒரு குரல். கண் உள்ளே போயிருந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தம்பிக்குள் உட்கார்ந்து வேறு யாரோ அழுவதுபோல் இருந்தது.

அம்சவல்லி ஓரடி பின்வாங்கினாள். கூடவே, பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த நர்ஸ் ரத்னா சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"பேதியாவற கொழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்பு போட்ட கஞ்சித்தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும். கண்ணீரைவிட உப்பு கரிக்கக் கூடாது. அழுதா கண்ணீரே வரலேன்னா, ஒடம்புல தண்ணி இல்லேன்னு அர்த்தம். அப்ப சும்மா இருக்கக் கூடாது."

"எங்கடி கெளம்பிட்டே?" என்றார் பெரியப்பா.

"தாயாரம்மா அத்தை வூட்டுக்கு."

அத்தை வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசி ரகசியம் பேசின. தலைக்கு மேலே வெள்ளையாக ஏதோ கடந்தது. சிறகுச் சத்தமே இல்லை. பனைமேல் உட்கார்ந்து, கழுத்தை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது.

கோட்டான்!

தன்மேலும் நிழல் விழுந்துவிட்டதா என்று அம்சவல்லி குனிந்து பார்த்தாள். அவளுடைய நிழலையே காணவில்லை! பனையைப் பார்த்தாள். அதற்கும் நிழல் இல்லை.

மெல்ல மூச்சு வந்தது. வெயில் போன பிறகு யாருக்குத்தான் நிழல் விழும்? அப்படியென்றால் கோட்டானுக்கு மட்டும் எப்படி விழுந்தது?

அத்தை வீட்டுக்கு ஓடினாள். "அத்தே, கொஞ்சம் உப்பு குடுங்க!"

அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். "ஷ்! வெளக்கு வெச்சப்புறம் அந்தப் பேரையே சொல்லாதே. வூட்டு லட்சுமி வெளிய பூடுவா."

அம்சவல்லி யோசித்தாள். "சரி, வேணாம். கஞ்சி கீதா அத்தே?"

"இப்பத்தான் வடிச்சேன்."

"அதுல... 'அது' போட்டாச்சா?"

"குடிக்கறதுக்கு வெச்சிருக்கேன். போடாம இருப்பேனா?"

"அதுல கொஞ்சம் குடுங்களேன்."

"கஞ்சிக்கு இன்னாடி, எடுத்துக்கினு போ!" என்று சொம்பில் ஊற்றினாள். உப்பு கஞ்சிக்குள் ஒளிந்துகொண்டு போனால் லட்சுமிக்குத் தெரியாது போலிருக்கிறது.

அம்சவல்லி நக்கிப் பார்த்தாள். கண்ணீரைவிடக் குறைவாகத்தான் கரித்தது. பின்பக்கக் கதவு வழியாக அறைக்குள் நுழைந்தாள்.

"பெரிப்பா வேணாம்னாரேடி," என்றாள் அம்மா.

"பொழுது போனப்புறம் கோட்டானுக்கு ஏதும்மா நெழலு? தம்பி நாக்கைப் பாரும்மா."

அம்மா பார்த்தாள். நாக்கு காய்ந்த இலைபோல் கிடந்தது. சட்டென்று அவனை மடியில் நிமிர்த்தினாள். "ஊத்துடி."

அம்சவல்லி பால் புகட்டும் சங்கால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். முதலில் கக்கினான். பாதத்தைத் தடவிக்கொடுத்துக் காத்திருந்தாள். பிறகு இன்னும் மெதுவாக ஊற்றினாள். களுக். களுக்.

கதவுக்கு வெளியே பெரியப்பா ஓதிக்கொண்டிருந்த மந்திரம் நின்றது.

"யா... யாரு உள்ள குடிக்கறது?"

"நான்தான் பெரிப்பா, அம்சா. தம்பிக்குக் கஞ்சி குடுக்கறேன்."

"பொய்யி! அம்சா வெளிய போனதை நான் பாத்தேன். அவ கொரல்ல பேசறியா நீ?"

அம்சவல்லி என்ன சொன்னாலும் அது அம்சவல்லியின் குரலாகத்தானே இருக்கும்? அவள் பேசாமல் புகட்டினாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

நடுநடுவே அம்மா பால் கொடுத்தாள். சொம்பு காலியானபோது தம்பி மறுபடி அழுதான். இந்தத் தடவை குரல் அவனுடையது. கன்னத்தில் பளபளவென்று ஒரு சொட்டு உருண்டது.

"கண்ணீர்மா!"

அம்மா அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். ஒரே நேரத்தில் உள்ளே அழுகையும் சிரிப்பும். வெளியே பெரியப்பாவின் தீர்த்தச் சொம்பு உருண்டது. "ஐயோ, ரெண்டு பேயி!"

அம்மா கதவைத் திறந்தாள். பெரியப்பா வேப்பங்கொத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். குழந்தையைக் கண்டதும் நிமிர்ந்துகொண்டார்.

"பாத்தியா! கட்டு அவுந்துடுச்சு!"

கடைசி பஸ்ஸில் அப்பா வந்தார். விடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது, அதுவரை பாலும் கஞ்சியும் நிறுத்தாமல் கொடுப்பது என்று முடிவாயிற்று. பெரியப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க கெளம்பலியாண்ணா?" என்றார் அப்பா.

"காவலுக்கு இருக்கலாம்னு..."

பனையில் கோட்டான் அலறியது. பெரியப்பாவின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

அம்சவல்லி லாந்தரை எடுத்தாள். "வாங்க பெரிப்பா. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை கீது."

வழி முழுக்க அவர் அவள் கையை விடவே இல்லை.

பெரியப்பாவின் வீடு அடுத்த வீடு.